பத்தொன்பதாம் குழியின் தையல்காரன்

பதினான்காம் நூற்றாண்டில் டென்மார்க் தேசம் முழுவதிலும் ஒரே ஒரு மட்டமான தையல்காரன்தான் இருந்தான். மற்ற அத்தனை பேரும் யோக்கியர்கள், சட்டையின் உள்பக்கத்தையும் கடவுள் பார்ப்பார் என்று பயந்து தைத்தவர்கள். அந்த ஒருவனின் வேலை மட்டும் ஸ்காரும் நகர அருங்காட்சியகத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது.

இது எஸ்பனின் ஆராய்ச்சி முடிவு. இதைச் சொல்லும்போது அவன் சிரிக்க மாட்டான். சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் சொல்லியிருக்கிறான், காலாண்டிதழில் எழுதியிருக்கிறான், ஒருமுறை பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்ல முயன்றிருக்கிறான்.

எஸ்பனுக்கு நாற்பத்து மூன்று வயது. நகராட்சியில் பேருந்து நேர அட்டவணை போடும் வேலை. அவன் போட்ட அட்டவணையைப் பேருந்துகள் மதித்ததில்லை, ஊசி மதித்தது. அதனால் சனி ஞாயிறுகளில் அவன் எழுபத்திரண்டுச் சங்கத்தின் தையல் பரிசோதகன். சங்கத்தின் முழுப் பெயர் நீளம், விஷயம் சின்னது. முப்பத்தெட்டு உறுப்பினர்கள் மே மாதத்தில் ஒரு வாரம் கடற்கழி ஓரம் கூடாரம் அடித்து ஆயிரத்து முந்நூற்று எழுபத்திரண்டாம் ஆண்டில் வாழ்வார்கள். எழுபத்து மூன்றில் வந்த எதுவும் உள்ளே வரக் கூடாது. உருளைக்கிழங்கு கூடாது, அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஏறக்குறைய உண்ணாவிரதம். மூக்குக்கண்ணாடி விவகாரம் மட்டும் இரண்டு பொதுக்குழுக்களைத் தின்றது. கழற்றினால் தண்ணீரில் விழுந்துவிடுவோர் போட்டுக்கொள்ளலாம் என்று கடைசியில் தீர்மானம் ஆயிற்று. கைகளை எண்ணியவர் கொள்கைப்படி கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் மறுபடி எண்ண வேண்டி வந்தது.

முகாம் வாசலில் எஸ்பன் ஒரு பூதக்கண்ணாடியோடு நிற்பான். வருகிறவர்கள் அங்கியைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே புரட்டிக் கொடுக்க வேண்டும். மழை பெய்தாலும் அப்படித்தான், பெரும்பாலும் பெய்யும். நனைந்த உள்சட்டையோடு வரிசையில் நடுங்கிக்கொண்டு நிற்கும் கணக்காளர்களையும் செவிலியர்களையும் அவன் அவசரமில்லாமல் பார்ப்பான். இயந்திரத் தையல் ஓர் அங்குலம் இருந்தாலும் திருப்பி அனுப்புவான். கைத்தையலாக இருந்து, கோணலாக இருந்தால், துணியைத் திருப்பிக் கொடுத்து ஒரே வார்த்தை சொல்வான்: "பத்தொன்பது."

அது சங்கத்தின் வசைச் சொல். ஸ்காரும் நகரின் பழைய தேவாலயத்தின் பக்கம் கார் நிறுத்தம் கட்டத் தோண்டியபோது வரிசையாகக் குழிகள் கிடைத்தன. பத்தொன்பதாம் குழியில் ஓர் ஆள் முழு அங்கியோடு கிடந்தான். களிமண் துணியைக் காப்பாற்றி வைத்திருந்தது. ஒரு காலத்தில் நீலம், இப்போது காப்பி நிறம். தோலோடு ஒட்டும் இறுக்கமான கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துணிப் பொத்தான்கள், எறும்பு ஊர்ந்தது போல் நுணுக்கமான தையல். அங்கியைத் திருப்பினால்தான் அவமானம். முதுகில் கழுத்திலிருந்து விளிம்பு வரை வெட்டு. அதுவும் நேராக இல்லை, இடுப்பருகே ஒரு வளைவு. அந்த வெட்டை யாரோ பதினொரு தையலிலேயே இழுத்துப் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு தையலும் ஒரு விரல் நீளம். நூலின் முடிச்சு வெளிப்பக்கம்.

எஸ்பனை மிகவும் புண்படுத்தியது முடிச்சுதான். ஏழு வயதுப் பிள்ளைகூட முடிச்சை உள்ளே போடும் என்று எழுதினான். இப்படி ஒருவன் தொழில் செய்திருக்கிறான், அவனுக்கும் யாரோ சோறு போட்டிருக்கிறார்கள் என்று எழுதினான்.

சங்கத்தில் கெர்தா என்று ஒருத்தி. ஐம்பத்தேழு வயது. ஊரில் சவ அடக்கம் செய்து வைப்பவரிடம் இருபத்திரண்டு வருஷமாக வேலை. இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்துவது அவள் பொறுப்பு. முகாமில் அவள் நூல் நூற்பாள், கம்பளிக்குச் சாயம் போடுவாள், பேசமாட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் பொதுக்குழுவில் எஸ்பன் அந்தப் பதினொரு தையலைத் திரையில் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் நூல் நூற்கும் கதிரை நிறுத்தினாள்.

"அது மட்டமான தையல் இல்ல, எஸ்பன். செத்தவனுக்குப் போட்டு விட்டது. உசுரோட இருக்கிறவன் சட்ட போடறப்ப பாதி வேலைய அவனே பண்ணிடறான். செத்தவன் ஒண்ணும் பண்ணமாட்டான். அந்த மாதிரி இறுக்கக் கையி உள்ள போகவே போகாது. முதுகக் கிழிச்சு, முன்பக்கமா மாட்டிட்டு, பின்னால இழுத்துப் பிடிக்கணும். நான் வாரத்துக்கு ரெண்டு பண்றேன்."

எஸ்பன் திரையைப் பார்த்தான், கெர்தாவைப் பார்த்தான்.

"கெர்தாகிட்ட ஒரு கோட்டக் குடுங்க. அழகா இருக்குன்னு சொல்லமாட்டா. யாரு செத்தான்னு கேப்பா."

முப்பத்தாறு பேர் சிரித்தார்கள். கெர்தாவும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கதிரைச் சுற்றத் தொடங்கினாள். அடுத்த இதழில் எஸ்பன் நான்கு பக்கத்துக்கு மறுப்பு எழுதினான். அந்தக் காலத்தில் செத்தவர்களை வெறும் துணியில்தான் சுற்றினார்கள். அவ்வளவு நல்ல கம்பளியைப் பிணத்துக்காக வெட்ட எந்தப் புத்தியுள்ளவனுக்கும் மனம் வராது. ஆகவே, இந்த ஆள் இப்படி ஓர் அங்கியை வேறு யாருக்கும் கொடுக்க வெட்கப்பட்டுத் தன்னோடு கொண்டுபோயிருக்க வேண்டும். பதினேழு அடிக்குறிப்புகள். கெர்தா பதில் எழுதவில்லை. அவளிடம் அடிக்குறிப்பு இல்லை.

அந்த வருஷத்தில்தான் பத்தொன்பது விருதும் வந்தது. வருஷத்தின் மிக மோசமான தையலுக்கு ஒரு கறுப்பு மரப்பலகை. அதன் மேல் காப்பி நிறக் கம்பளி, நடுவில் கோணல் வெட்டு, பதினொரு தையல். பலகையை எஸ்பனே செய்தான். தையலை மட்டும் அவனால் போட முடியவில்லை. மூன்று முறை முயன்றான், மூன்று முறையும் ஒழுங்காக வந்தது. கடைசியில் தோர்கிலைக் கூப்பிட்டார்கள். அவன் முதல் தடவையிலேயே அசலை இறக்கிவிட்டான், முடிச்சு உள்பட.

தோர்கில் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுபவன். எஸ்பனின் பள்ளித் தோழன், அவனுடைய ஒரே நண்பன் என்றும் சொல்லலாம். நல்ல உயரம், அகலமும் அதற்குத் தக்கபடி. முகாமில் சமையல். பார்லிக் கஞ்சியையும் டர்னிப் கிழங்கையும் உப்பு மீனையும் வைத்து ஏழு நாள் முப்பத்தெட்டு பேரைக் கலகம் செய்யாமல் வைத்திருந்தவன். ஊசி அவன் கையில் குண்டூசி போல் இருக்கும். அவன் அங்கியின் அக்குள் வருஷா வருஷம் முகாமின் மூன்றாம் நாளில் விட்டுப்போகும், கஞ்சி கிளறும்போது. விருது ஆரம்பித்த நாளிலிருந்து அவன்தான் வாங்கினான். எஸ்பன் மேடையில் குற்றப்பத்திரிகை வாசிப்பான், தோர்கில் பலகையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகாராணிக்கு நன்றி சொல்வான்.

செப்டம்பர் பொதுக்குழுவில் மூன்றாம் முறையாக வாங்கியபோது அவன் மகாராணியை விட்டுவிட்டான்.

"அடுத்த வருஷம் இத வேற யாருக்காச்சும் குடுங்கப்பா. நான் இருக்க மாட்டேன்."

எந்த ஊருக்கு மாற்றல் என்று பொருளாளர் கேட்டார்.

"கல்லீரல்ல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போயிடுச்சாம். ஈஸ்டர் வரைக்கும்னு டாக்டர் சொல்றாரு. அந்தாளு நம்ம எஸ்பன் போடற டைம்டேபிள் மாதிரி. கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்."

யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது கூடாரக் கயிறு வாங்குவது. தலைவர் அதையே வாசித்தார். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லாதது சங்கத்தின் வரலாற்றில் முதல் முறை.

பொதுக்குழு நடந்தது ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில். வெளியே நடையில், சின்னப் பிள்ளைகள் சட்டை மாட்டும் தாழ்ந்த கொக்கிகளுக்குக் கீழே, தோர்கில் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எஸ்பனைப் பிடித்தான்.

"எனக்கு ஒரு அங்கி தச்சுக் குடு."

எஸ்பன் தலையாட்டினான்.

"உன் கையால. உள்ள வெளிய எல்லாம் ஒண்ணா இருக்கணும். ஒரு பத்தொன்பது கூட இருக்கக் கூடாது. வாழ்நாள்ல ஒரு நல்ல சட்டையாவது போட்டோம்னு இருக்கணும். அதப் போட்டுக்கிட்டுப் போறேன்."

"மே மாச முகாமுக்கா?"

தோர்கில் பலகையை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டான்.

"அதுக்கும்தான்" என்றான்.

எஸ்பன் மனதில் 'முகாம்' மட்டும்தான் நின்றது. வீட்டுக்குப் போய் அட்டவணை போட்டான். நூற்று அறுபது மணி நேரம் வேலை. ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து தையல், கை ஒவ்வொன்றிலும் பதினாறு பொத்தான், பதினாறு காஜா. ஏப்ரல் இருபதில் முடியும். மே மூன்றாம் தேதி முகாம். இடையில் ஈஸ்டர் வந்தது. அட்டவணையில் அது விடுமுறை நாளாக மட்டும் குறிக்கப்பட்டிருந்தது.

துணிக்குச் சாயம் கெர்தா போட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அக்டோபரில் ஒரு நாள் மிதிவண்டிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பத்தொன்பதாம் குழிக்காரனின் அங்கி மண்ணுக்குள் போகுமுன் இருந்திருக்க வேண்டிய நீலம். எஸ்பன் துணியைச் சன்னலில் பிடித்துப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நன்றி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் தோர்கிலின் சமையலறையில் உட்கார்ந்து தைத்தான். லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்து, ஊசியில் கோத்து, கெட்டித் தையல். மேசைக்கு அந்தப் பக்கம் தோர்கில் வெங்காயம் நறுக்குவான். யாருக்கோ சமைப்பது போலச் சமைப்பான், தான் சாப்பிடமாட்டான், எஸ்பன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நோயைப் பற்றி எஸ்பன் கேட்கவில்லை. பொத்தானைப் பற்றிப் பேசினார்கள். துணிப் பொத்தானா, ஈயமா? ஈயம் பார்க்க எடுப்பாக இருக்கும் என்றான் எஸ்பன். "துணியே வை. ஈயம் போட்டா என்னய எரிக்கறப்ப கெர்தாவுக்கு அடுப்புல தொல்ல" என்றான் தோர்கில். எஸ்பனின் ஊசி ஒரு கணம் நின்றது. ஆயிரத்து முந்நூற்று எழுபத்திரண்டில் இரண்டுமே இருந்தன என்று சொல்லிவிட்டு, துணிப் பொத்தானுக்கு வட்டம் வெட்டத் தொடங்கினான்.

அக்டோபரில் மார்பளவு நூற்று இருபத்து நான்கு சென்டிமீட்டர். டிசம்பரில் போட்டுப் பார்த்தபோது அங்கி தொங்கியது. அளந்தான், நூற்றுப் பதின்மூன்று. பக்கவாட்டுத் தையல்களைப் பிரித்து, குறுக்கித் தைத்தான். ஜனவரிக் கடைசியில் நூற்று நான்கு. மறுபடி பிரித்தான். எழுபத்திரண்டாம் ஆண்டு அங்கி தோல் மாதிரி ஒட்ட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பதாம் ஆண்டு அங்கி. தோர்கில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். நெடுநேரம் நிற்க முடியாமல் குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்துகொள்வான்.

"இப்படியே போனா என்னய விட்டுட்டு அங்கி மட்டும் முகாமுக்கு வரும்."

"அசையாத" என்பான் எஸ்பன், வாயில் குண்டூசிகளோடு.

உண்மையில் எஸ்பனுக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதை வெளியே சொன்னால் அவனே அதற்குப் பத்தொன்பது விருது கொடுத்திருப்பான். அங்கி உயிரோடு இருப்பவனின் அளவுக்குச் சரியாக இருக்கும்வரை, அதைப் போடுகிறவன் உயிரோடு இருக்கிறவன். அவ்வளவுதான் கணக்கு. அதனால் குறுக்கக் குறுக்க, விடாமல் தைத்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு கெர்தா வந்தாள். தோர்கில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் நனைந்த கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, மேசை மேல் கிடந்த அங்கியின் அக்குளில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டாம் விரல் நுழையவில்லை.

"இதுக்கு மேல குறுக்காத, எஸ்பன். கடைசியில தண்ணி கோத்துக்கும். வயிறு, கை, எல்லாம். இப்ப இருக்கற அளவு ஒரு மாசத்துல இருக்காது."

"மே மாசத்துக்கு அளவு பார்த்துதான் தைக்கறேன்."

கெர்தா மே மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கையத் தாராளமா விடு. இல்லன்னா முதுக ரெண்டு துண்டா வச்சுத் தச்சு, நடுவுல திறந்து விடு. நாடா வச்சுக் கட்டிக்கலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"சரி."

"முதுகு ஒரே துண்டுதான். நான் இவனுக்குப் பத்தொன்பது தைக்கமாட்டேன், கெர்தா. நீ இப்பவே அளவெடுக்க வந்துட்டியா?"

கெர்தா எழுந்து, தான் குடித்த காப்பிக் கோப்பையைக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்தில் வைத்தாள்.

"நான் அளவெடுக்கல. நவம்பர்லயே அவன் என்கிட்ட வந்து பேசிட்டான். என்னைய உடுத்தி விடறது நீதான், கெர்தான்னு சொன்னான். அதனாலதான் வந்தேன்."

அவள் போன பிறகு பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

"அவளத் திட்டிட்டியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. நூல் இழுக்கற சத்தம் நின்னுபோச்சு."

எஸ்பன் நூலை இழுத்தான். அன்று மாலைக்குள் இடது அக்குளை இன்னும் அரை சென்டிமீட்டர் குறுக்கினான்.

மார்ச் இரண்டாம் வாரத்தில் தண்ணீர் கோத்தது. கால் முதலில், பிறகு வயிறு, பிறகு கைகள். முகம் மட்டும் ஒடுங்கியே இருந்தது, வேறு யாருடைய உடம்பையோ இரவல் வாங்கியவன் போல. தோர்கிலை ஊர் எல்லையில் இருந்த பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். சன்னல் வழியே கடற்கழி தெரிந்தது; அதன் அக்கரையில் முகாம் போடும் புல்வெளி, வெறும் சேறாக.

எஸ்பன் அங்கியைக் கொண்டுபோனான். போட்டுப் பார்க்கும் பேச்சே எழவில்லை. தோர்கில் அதை மடியில் வாங்கி, கையை உள்ளிருந்து வெளியே புரட்டி, தையல் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினான். தோளிலிருந்து மணிக்கட்டு வரை. பிறகு பக்கவாட்டுத் தையல், கழுத்து, விளிம்பு. அரை மணி நேரம் ஆயிற்று. முகாம் வாசலில் அவனை இத்தனை வருஷம் நிற்க வைத்ததற்குப் பழி வாங்குகிறான் என்று எஸ்பன் நினைத்துக்கொண்டான்.

"எறும்பு போற மாதிரி இருக்குடா."

"இன்னும் ரெண்டு காஜா பாக்கி."

"எங்கயாவது ஒரு பத்தொன்பத ஒளிச்சு வச்சிருப்பன்னு தேடினேன்."

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

தோர்கில் அங்கியை மறுபடி சரியாகப் புரட்டினான். அதற்கே மூச்சு வாங்கியது. "எனக்கு என்னமோ இது என் சட்ட மாதிரியே இல்ல" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். சிரித்தான் என்றுதான் எஸ்பன் எடுத்துக்கொண்டான்.

ஈஸ்டருக்கு ஒன்பது நாள் முன், ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான்காம் எண் பேருந்தின் கோடைக்கால அட்டவணையில் இருந்தபோது பராமரிப்பு இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. எஸ்பன் கேட்டுக்கொண்டான், நன்றி சொன்னான், அட்டவணையைக் கணினியில் சேமித்தான். வீட்டுக்குப் போய்க் கடைசிக் காஜாவை எடுத்தான். அது மற்ற முப்பத்தொன்றிலிருந்து எந்த வித்தியாசமும் இல்லாமல் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மருத்துவமனையின் சிற்றாலயத்துக்குப் பின்னால் இருந்த வெள்ளை ஓடு பதித்த அறையில் கெர்தா காத்திருந்தாள். தோர்கிலைக் குளிப்பாட்டித் தலை வாரி வைத்திருந்தாள். தொளதொளப்பான லினன் உள்சட்டையையும் காலுறைகளையும் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தாள். சக்கரம் வைத்த மேடையில் அவன், பக்கத்தில் வெள்ளைப் பெட்டி. பதினொரு மணிக்குத் தோர்கிலின் அக்காவும் சங்கத்தாரும் வருவார்கள். அதற்குள் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

கதவுக் கொக்கியில் ஒரு சாம்பல் நிற சூட் தொங்கியது.

"அவங்க அக்கா குடுத்து விட்டது" என்றாள் கெர்தா. "இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

எஸ்பன் அங்கியை விரித்தான். பொத்தான்களையெல்லாம் கழற்றி, இடது கையை முதலில் மாட்டினார்கள். கெர்தா மணிக்கட்டைப் பிடித்து வழிகாட்ட, எஸ்பன் துணியைச் சுருட்டி மேலே ஏற்றினான். முழங்கை வரை போயிற்று. அங்கே நின்றது. கழற்றி, வலது கையில் தொடங்கிப் பார்த்தார்கள். அதுவும் முழங்கை. எஸ்பன் கொஞ்சம் பலமாக இழுத்தான். உள்ளே எங்கோ ஒரு நூல் அறுந்தது. சின்னச் சத்தம்தான். அவன் கையை எடுத்துவிட்டான். தோர்கிலின் கை, சட்டை பாதி ஏறிய நிலையில், மேடை விளிம்பில் தொங்கியது. கெர்தா அதை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள்.

பிப்ரவரியில் சொன்னதை அவள் நினைவுபடுத்துவாள் என்று எஸ்பன் காத்திருந்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தாகப் பத்து நிமிஷம்.

"சூட்ட போட்டுடலாம், எஸ்பன். அங்கிய மேல போத்தி விடலாம். அழகாத்தான் இருக்கும்."

"சூட் மட்டும் எப்படிப் போகும்?"

"முதுக நேத்தே வெட்டி வச்சிட்டேன்."

எஸ்பன் போய்க் கொக்கியிலிருந்த சூட்டைத் திருப்பிப் பார்த்தான். கழுத்திலிருந்து கீழ்வரை இரண்டாக இருந்தது. முன்பக்கம் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக, பொத்தான் எல்லாம் பளபளவென்று.

"எல்லாருக்குமேவா இப்படி?"

"பாதிப் பேருக்கு."

"யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"முதுகு அடியிலதான இருக்கும்."

எஸ்பன் சூட்டை மறுபடி மாட்டினான். அது ஆடி நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.

"உன் கத்திரி எங்க?"

கெர்தா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். துணி வெட்டும் கத்திரி, பிளாஸ்டிக் பிடி, ஆரஞ்சு நிறம். முகாம் வாசலில் அது நிச்சயம் திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். எஸ்பன் அங்கியைக் கழற்றி, பெட்டியின் மூடி மேல் குப்புற விரித்தான். நடுவைக் கண்டுபிடிக்க அளவு நாடாவை எடுத்தான், பிறகு திரும்பப் பையில் போட்டான். கழுத்தில் கத்திரியை வைத்தான். நல்ல கம்பளி, வெட்டும்போது ஈரப் புல்லில் நடப்பது போல் சத்தம் வந்தது. இடுப்பருகே கத்திரி கொஞ்சம் விலகிப் போயிற்று. அவன் நிறுத்தித் துடைத்துக்கொண்டது கத்திரியை அல்ல. பிறகு விளிம்பு வரை வெட்டி முடித்தான்.

அதன் பிறகு சுலபமாக இருந்தது. முன்பக்கமாகக் கைகளை மாட்டினார்கள், இரண்டும் தோள் வரை போயின. பொத்தான்களை ஆளுக்கு ஒரு கையாகப் போட்டார்கள். மேலிருந்து பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. நீலம் அவனுக்குப் பொருந்தியிருந்தது. கெர்தா விளிம்புகளை அடியில் செருகத் தொடங்கினாள்.

"மடிச்சு விட்டாப் போதும். தைக்கத் தேவையில்ல."

"தூக்கறப்ப விலகும்."

"விலகினா யாரு பாக்கப் போறா?"

எஸ்பன் ஏற்கெனவே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். மெழுகு போட்ட லினன் நூல், மிச்சமிருந்ததில் நீளமான துண்டு. "அவன ஒருக்களிச்சுப் பிடி" என்றான்.

கெர்தா மேடையின் மறுபக்கம் போய், தோர்கிலின் தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, தன் பக்கம் புரட்டித் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். அவன் தலை அவள் தோளில் இருந்தது. "ரொம்ப நேரம் தாங்கமாட்டேன்" என்றாள்.

எஸ்பன் கழுத்தில் தொடங்கினான். முதல் மூன்றைச் சிறிதாகத்தான் போட்டான், சென்டிமீட்டருக்கு ஐந்து என்ற கணக்கில். வெட்டின் இரு ஓரங்களும் சேரவில்லை. இழுத்தால் துணி பிசிறி நூல் கையோடு வந்தது. கெர்தாவின் முழங்கைகள் நடுங்கத் தொடங்கின. அவன் அந்த மூன்றையும் உருவிவிட்டான். ஓரத்திலிருந்து தள்ளிக் குத்தி, பெரிதாக எடுத்து, அந்தப் பக்கத்திலும் தள்ளிக் குத்தி, இழுத்தான். பிடித்தது. அடுத்ததை ஒரு விரல் தள்ளிப் போட்டான். ஒன்று சாய்ந்தது. அதைத் திருத்தாமல் அடுத்ததற்குப் போனான்.

"இன்னும் எவ்வளவு?"

"கொஞ்சம்தான். பிடிச்சுக்க."

வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. சங்கத்தார் சீக்கிரமே வந்துவிட்டார்கள். தரையில் தேயும் அவர்களுடைய முகாம் தோல் செருப்புகளின் சத்தம் அவனுக்குத் தெரியும். எஸ்பன் விளிம்பு வரை வந்தான். முடிச்சை உள்பக்கம் தள்ள, துணிக்கும் முதுகுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தான். விரல் போகவில்லை.

"விடு, எஸ்பன்" என்றாள் கெர்தா, தோர்கிலின் தலைமுடி வழியாக. "கை வலிக்குது."

அவன் முடிச்சை வெளிப்பக்கமே போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.